மேலே போன லாயக்காரர், கீழே வந்த சுபேதார்

ராணுவப் பதவிகளை வரிசையாக மனப்பாடம் செய்கிற யாரும் ஓர் இடத்தில் தடுக்கி விழுவார்கள். லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று படி ஏறுகிறது. ஆக, லெப்டினன்டைவிட மேஜர் பெரியவர். சரி. அதே ஏணியில் இன்னும் கொஞ்சம் ஏறினால் மேஜர் ஜெனரல் வருகிறார். அவருக்கு மேல் படியில் லெப்டினன்ட் ஜெனரல் நிற்கிறார்! கீழே சின்னவராக இருந்தவர் மேலே போனதும் மேஜரை முந்திவிட்டார். காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரிகளில் என்.சி.சி. சீருடை போடும் பிள்ளைகள் இதை "அது அப்படித்தான்" என்று உருப்போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சும்மா அப்படி ஆகிவிடவில்லை, காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மற்ற ஊர்க்காரர்களைவிடச் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சுலபமாகவே விளங்கும். ஐரோப்பாவில் படைப் பதவிகள் போர்க்களத்தில் பிறந்தன என்று சொல்வதைவிடப் பேரேட்டில் பிறந்தன என்று சொல்வதுதான் பொருத்தம்.

15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரும்பாலான அரசர்களிடம் நிரந்தரப் படை என்று பெரிதாக எதுவும் கிடையாது. சண்டை வந்தால் ஆள் பிடிக்க வேண்டும். அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். இத்தாலியில் அவர்கள் நகர அரசுகளோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு படை திரட்டிக் கொடுத்தார்கள். இத்தனை ஆள், இத்தனை மாதம், இத்தனை பணம் என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். அப்படித் திரட்டிய கூட்டத்துக்குக் கம்பெனி என்று பெயர். ஒரே ரொட்டியைப் பகிர்ந்து தின்பவர்கள் என்பது அந்தச் சொல்லின் அடிப்படை. வியாபாரக் கம்பெனிக்கும் படைக் கம்பெனிக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் இல்லை. இரண்டிலும் முதல் போட்ட ஒருவர் தலைமையில் இருந்தார். தலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அவருக்குக் கேப்டன் என்று பெயர் வந்தது.

கேப்டன் அந்தக் கம்பெனியின் முதலாளி. அரசிடமிருந்து தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, ஆட்களுக்குச் சோறும் துணியும் சம்பளமும் கொடுத்து, மிச்சத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வார். செத்தவன் பெயரில் சம்பளம் வாங்குவது, கணக்கெடுப்பு நாளன்று உள்ளூர் ஆட்களைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்துவது எல்லாம் அப்போதே நடந்திருக்கின்றன. ஆஜர் பட்டியலில் போலிப் பெயர் எழுதும் வித்தையை நம் ஊர் கான்ட்ராக்டர்கள் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். சோல்ஜர் என்ற சொல்லும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். சாலிடஸ் என்பது ரோமானியப் பொற்காசு. அந்தக் காசு வாங்கிக்கொண்டு சண்டை போடுபவன் சோல்ஜர்.

முதலாளி எப்போதும் கடையில் உட்கார்ந்திருப்பதில்லை. கேப்டன் அரசவைக்குப் போவார், பணம் கேட்டு அலைவார், காயம்பட்டுப் படுப்பார். அவர் இல்லாத நேரத்தில் அவர் இடத்தில் நின்று வேலையை நடத்த ஓர் ஆள் வேண்டும். பிரெஞ்சு மொழியில் 'லியூ' என்றால் இடம், 'தெனான்' என்றால் வைத்திருப்பவர். சேர்த்தால் லெப்டினன்ட். அவருக்கென்று தனி அதிகாரம் எதுவும் கிடையாது. இன்னொருவருடைய அதிகாரத்தை அவர் பெயரில் செலுத்துகிறார், அவ்வளவுதான்.

இதை விளக்க நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்திலேயே உதாரணம் இருக்கிறது. தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ இருக்கும் முதலாளிக்கு ரங்கூனில், மோல்மேனில், பினாங்கில், சைகோனில் கடை. முதலாளி அங்கே போய் உட்காருவதில்லை. சம்பளச் சீட்டு எழுதி, பவர் பத்திரம் கொடுத்து, ஏஜெண்டைக் கப்பல் ஏற்றுவார். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. ஏஜெண்டைத்தான் மேலாள் என்பார்கள். மேலாளுக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே, கிட்டங்கியில், அதாவது அந்தக் கடை நடக்கும் கட்டடத்தில், தரையில் வைத்த கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற பெட்டியடிப் பையன். பையன் கணக்குப் பழகி அடுத்தாளாவான். அடுத்தாள் ஒருநாள் மேலாளாவார். மேலாள் கையெழுத்துப் போட்டால் முதலாளி கையெழுத்துப் போட்ட மாதிரி. அந்தப் பவர் பத்திரம் இல்லையென்றால் கிட்டங்கியில் அவரும் இன்னொரு ஆள், அவ்வளவே.

ராணுவ அதிகாரி ஆவதைக் 'கமிஷன் பெறுவது' என்று சொல்வது இதே விஷயம்தான். நமக்குக் கமிஷன் என்றால் தரகுப் பணம் ஞாபகம் வரும். அங்கே அது அரசர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்: இவர் என் பெயரில் ஆணையிடலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். இன்று இந்தியாவில் அந்தப் பத்திரம் குடியரசுத் தலைவர் பெயரில் வருகிறது.

இப்போது அந்த ஏணிக் குழப்பத்துக்கு வருவோம். பாதி விடை ஏற்கனவே கிடைத்துவிட்டது. லெப்டினன்ட் பெரியவரா சின்னவரா என்பது அவர் யாருடைய இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. நூறு பேர் கொண்ட கம்பெனியின் கேப்டனுக்கு லெப்டினன்ட் என்றால் சின்னவர். மொத்தச் சேனைக்கும் தலைவரான கேப்டன் ஜெனரலுக்கு லெப்டினன்ட் என்றால், அந்தச் சேனையிலேயே இரண்டாவது ஆள். ஜெனரல் என்பது ஆரம்பத்தில் தனிப் பெயரே இல்லை. 'ஒட்டுமொத்தத்துக்கும் உரிய' என்று கேப்டனுக்கு முன்னால் போட வேண்டிய அடைமொழி. கேப்டன் உதிர்ந்து, அடைமொழி பதவியாகிவிட்டது.

மீதிப் பாதி விடை மேஜரிடம் இருக்கிறது. மேஜருக்கு முன்னால் ஒரு சொல் இருந்து காணாமல் போயிருக்கிறது. அது சார்ஜெண்ட். ஊழியம் செய்பவர் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சார்ஜெண்ட் மேஜர் என்றால் தலைமை ஊழியர். பல கம்பெனிகள் சேர்ந்த ரெஜிமெண்டில் கர்னல் முதல் ஆள், லெப்டினன்ட் கர்னல் இரண்டாவது, சார்ஜெண்ட் மேஜர் மூன்றாவது. அணிவகுப்பு, தங்குமிடம், தீனி எல்லாம் அவர் பொறுப்பு. இதே மூன்று படி மொத்தச் சேனைக்கும் உண்டு: கேப்டன் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், சார்ஜெண்ட் மேஜர் ஜெனரல். 1645இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அமைத்த புதிய படையில் ஃபேர்ஃபாக்ஸ் தலைமைத் தளபதி. குதிரைப்படைக்குக் கிராம்வெல் லெப்டினன்ட் ஜெனரல். காலாட்படைக்கு ஸ்கிப்பன் சார்ஜெண்ட் மேஜர் ஜெனரல்.

அப்புறம் பேச்சு வழக்கில் சார்ஜெண்ட் தேய்ந்து விழுந்தது. பெரிய பதவியில் இருப்பவருக்கு ஊழியர் என்ற ஒட்டு எதற்கு என்ற கூச்சமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ரெஜிமெண்டின் சார்ஜெண்ட் மேஜர் வெறும் மேஜர் ஆனார். சேனையின் சார்ஜெண்ட் மேஜர் ஜெனரல், மேஜர் ஜெனரல் ஆனார். இரண்டாவது ஆளுக்குப் பின்னால் மூன்றாவது ஆள் நிற்பதில் எந்த முரணும் இல்லை. ஒரு சொல் விழுந்த இடம் வெளியே தெரியாததால்தான் நமக்கு ஏணி தலைகீழாகத் தெரிகிறது.

கர்னல் கதைக்கும் பணம்தான் மையம். இத்தாலிய மொழியில் சின்னத் தூண், அதாவது வரிசையாகப் போகும் படைப்பத்தி என்ற பொருளில் வந்த சொல் அது. பிரெஞ்சில் ஒரு காலத்தில் 'ல'கர வடிவமும் 'ர'கர வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. ஆங்கிலம் ஒன்றை எழுதிக்கொண்டு மற்றதை உச்சரிக்கிறது. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை, காதில் விழுந்தபடி கர்னல் என்று எழுதிவிட்டோம். பல கம்பெனிகள் சேர்ந்த ரெஜிமெண்டுக்குச் சொந்தக்காரர் கர்னல். அவர் பெரும்பாலும் அரண்மனையில் இருப்பார். ரெஜிமெண்டைக் களத்தில் நடத்துவது அவர் இடத்தில் நிற்கும் லெப்டினன்ட் கர்னல். பேச்சில் இவரையும் கர்னல் என்றே கூப்பிடுவது மரபு. 1755இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைக்குள் வரி வசூலுக்குப் படை நடத்தி வந்த ஹெரானும், 1801இல் மருதிருவரை எதிர்த்து வந்த அக்னியூவும் லெப்டினன்ட் கர்னல்கள். நம் ஊர்க் கதைகளில் இருவரும் கர்னல்கள்தான்.

'சொந்தக்காரர்' என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பதவிகள் வெளிப்படையாக விலைக்குப் போயின. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சாதாரணக் காலாட்படை ரெஜிமெண்டுக்கு அரசே நிர்ணயித்த விலை: கடைசிப்படி அதிகாரியான என்சைனுக்கு 450 பவுண்டு, லெப்டினன்டுக்கு 700, கேப்டனுக்கு 1,800, மேஜருக்கு 3,200, லெப்டினன்ட் கர்னலுக்கு 4,500. இது சர்க்கார் விலை. கைமாறிய தொகை பல நேரம் இதைவிட அதிகம். மேல்படிக்குப் போகும்போது பழைய பதவியை விற்று, வித்தியாசத்தைக் கட்டினால் போதும். ஓய்வு பெறும்போது விற்றுவிட்டுக் காசோடு வீட்டுக்குப் போகலாம். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி, 1793இல் 24 வயதில் லெப்டினன்ட் கர்னல் ஆனது அண்ணன் கொடுத்த கடனில்தான். அந்த முதலீடு வீண்போகவில்லை, ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் வாட்டர்லூவிலும் பலன் தந்தது. இந்த வியாபாரத்துக்கு 1871இல்தான் முடிவு கட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தப் படையில் மட்டும் பதவி விற்பனை கிடையாது. அங்கே சீனியாரிட்டிதான். வியாபாரக் கம்பெனி தன் படையில் பதவியை விற்கவில்லை, அரசர் விற்றார் என்பதுதான் வேடிக்கை.

மார்ஷல் இன்னும் தாழ்ந்த இடத்திலிருந்து புறப்பட்டவர். பழைய ஜெர்மானிய மொழிகளில் குதிரை, வேலைக்காரன் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அது. லாயத்தில் குதிரைக்குப் புல் போட்ட ஆள். ராஜாவின் குதிரை என்றால் சும்மாவா? லாயத்தைப் பார்த்தவர் குதிரைப்படையைப் பார்த்தார், பிறகு சேனையையே பார்த்தார். இன்று ஃபீல்டு மார்ஷல் என்றால் ராணுவத்தின் உச்சப்படி. சுதந்திர இந்தியா அதை இரண்டே பேருக்குக் கொடுத்திருக்கிறது: 1973இல் மானெக்‌ஷா, 1986இல் கரியப்பா. அதே மார்ஷல் என்ற பெயரில்தான் சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ.க்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியேற்றும் காவலரும் இருக்கிறார்.

லாயத்திலிருந்து கிளம்பிய இன்னொருவரும் உண்டு. லாயத்தின் அதிகாரி என்ற லத்தீன் பட்டம் தேய்ந்துதான் கான்ஸ்டபிள் ஆனது. பிரான்சில் ஒரு காலத்தில் அரசருக்கு அடுத்தபடி மொத்தச் சேனைக்கும் தலைவர் அவர்தான். 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பதவியை அங்கே ஒழித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அது ஊர்க்காவல் வேலைக்கு இறங்கி, அங்கிருந்து கப்பலேறி, நம் ஊர்க் காவல் நிலையத்தில் கடைசிப்படியில் வந்து நிற்கிறது. லாயத்தின் அதிகாரி கான்ஸ்டபிள் ஆகக் கீழே இறங்க, லாயத்து வேலைக்காரர் மார்ஷலாக மேலே போய்விட்டார். பதவிப் பெயரின் உயரத்துக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தமே இல்லை. எந்த அரசு எதைத் தூக்கிப் பிடித்தது என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை இந்தியாவில் போட்டுப் பார்த்தால் விடை கசக்கிறது.

முகலாய ஆட்சியில் சுபா என்றால் மாகாணம். சுபாவை வைத்திருப்பவர் சுபேதார். 'தார்' என்ற பாரசீக ஒட்டுக்கு வைத்திருப்பவர் என்று பொருள். ஜமீன்தாரும் தாசில்தாரும் மிராசுதாரும் அந்த வகையில் வந்தவர்கள்தான். ஐதராபாத் நிஜாமின் முறையான பட்டமே தக்காணத்துச் சுபேதார் என்பதுதான். தெற்கே பாதி நிலத்துக்கு மேல் அந்தப் பட்டத்தின் நிழல் விழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னையிலும் மற்ற இடங்களிலும் சிப்பாய்ப் படை திரட்டியபோது, ஏறத்தாழ நூறு சிப்பாய்களுக்குத் தலைவராக ஓர் இந்தியரை வைத்து, அவருக்குச் சுபேதார் என்று பெயர் கொடுத்தது. மாகாணத்தை ஆண்டவரின் பட்டம் நூறு பேருக்குத் தலைவரின் பட்டமாக இறங்கிவிட்டது.

நாயக் கதை இன்னும் நெருக்கமானது. விஜயநகரப் பேரரசில் நாயக்கர் என்றால் சீமையை ஆளும் படைத்தலைவர். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையின் தூண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். இந்திய ராணுவத்தில் நாயக் என்றால் சட்டைக் கையில் இரண்டு பட்டை போட்டவர். லான்ஸ் நாயக்குக்கு ஒரு பட்டை. ஆங்கிலேயரின் கார்ப்பரலுக்குச் சமமான இடம் அது.

அவில்தார் என்ற சொல்லில் இருப்பது ஹவாலா. ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்று அர்த்தம். பணத்தை இங்கே கட்டி அங்கே வாங்கும் ஹவாலாவும் அதே அரபுச் சொல்தான். உண்டியல் எழுதிப் பணம் அனுப்பிய ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்புறம் நாயிப் சுபேதார். 1965இல் ஜமேதார் என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். நாயிப் என்றால் அரபு மொழியில் பதிலாள், ஒருவர் இடத்தில் நிற்பவர். லெப்டினன்டின் அச்சு அசல். இன்னொரு விஷயம்: நாயிப் என்பதன் பன்மைதான் நவாப். மரியாதைக்குப் பன்மையில் கூப்பிட்டு, அதுவே பட்டமாகிவிட்டது. ஆற்காட்டு நவாப்பின் பட்டத்துக்குள்ளும் நிஜாமின் பதிலாள்தான் இருக்கிறார்.

குதிரைப்படைப் பெயர்களில் ஒன்று நம் கண்முன்னாலேயே நடமாடுகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் வெள்ளை உடுப்பும் குறுக்கே டவாலியுமாகக் கலெக்டருக்கு முன்னால் போகும் தபேதாரைப் பார்த்திருப்பீர்கள். ராணுவத்தில் தபேதார் என்றால் குதிரைப்படையின் அவில்தார். சண்டைக்குப் போக வேண்டியவர் கதவைத் திறந்துவிடும் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

ஐரோப்பாவில் வேலைக்காரன், லாயக்காரன், பதிலாள் என்ற எளிய பெயர்கள் மேலே ஏறின. இங்கே மாகாணம் ஆண்ட பெயர்கள் கீழே இறக்கப்பட்டன. இரண்டும் ஒரே படையில் சந்தித்தபோது, நரைத்த மீசைச் சுபேதார், மீசை அரும்பாத வெள்ளைக்கார என்சைனுக்குக் கீழே நின்றார். ஆரம்ப வருஷங்களில் சுபேதாருக்குத் தன் நூறு பேரை நடத்தும் உண்மையான அதிகாரம் ஓரளவு இருந்தது. 1796இல் படையைத் திருத்தி அமைத்து ஐரோப்பிய அதிகாரிகளை அதிகமாக்கியபோது அதுவும் சுருங்கியது.

அந்த ஏணியில் உயரப்போன ஓர் ஆள் நம் பக்கத்தில்தான் பிறந்தார். ராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்த யூசுப் கான், மருதநாயகம் என்று பலரும் சொல்கிறவர். கம்பெனியில் சுபேதாராகத் தொடங்கி, இந்தியச் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆனார். மக்கள் வாயில் அது கம்மந்தான் ஆயிற்று. கம்மந்தான் கான் சாகிப் என்று கதைப்பாட்டே உண்டு. மதுரைச் சீமையின் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்து, நிர்வாகத்தையும் கையில் வைத்திருந்தார். கொடுத்த பதவிக்குமேல் தானே ராஜாவாக முயன்றபோது, அந்தப் பதவியைக் கொடுத்தவர்களே முற்றுகை போட்டார்கள். 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். பவர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போன ஏஜெண்ட் கடையைத் தன் பெயருக்கு மாற்றினால் முதலாளி என்ன செய்வார்? கம்பெனி அவரைப் பார்த்தது அப்படித்தான். நாம் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை.

ஏணியின் எந்தப் படியோடு இந்தியர் நின்றுவிட்டார்கள் என்பதற்கு நம் மண்ணிலேயே ஓர் ஆவணம் இருக்கிறது. 1801 ஜூன் 16இல் சின்ன மருது வெளியிட்ட ஜம்புத் தீவு அறிக்கை. திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கம் கோவிலிலும் ஒட்டப்பட்டது. மீசை வைத்த எல்லோரையும் எழுந்து வரச் சொல்லும் அந்த அறிக்கை, கம்பெனிப் படையில் வேலை பார்க்கும் நம்மவர்களைப் பதவி சொல்லியே கூப்பிடுகிறது: சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய். அதற்குமேல் ஒரு பெயரும் இல்லை. கூப்பிட அங்கே யாரும் இல்லை. கேப்டனும் மேஜரும் வெள்ளைக்காரர்கள். அந்த அழைப்பில் இருக்கும் கூர்மையை நம் பாடப்புத்தகங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. எதிரியின் படையை நன்றாகப் படித்தவர் எழுதியது அது. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 24இல், மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். மதுரையிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போகிற பேருந்துகள் அந்த ஊர் வழியாகத்தான் போகின்றன.

மருதிருவருக்குக் கம்பெனி ஆவணங்கள் கொடுக்கும் பெயர் 'ஷெரோகார்'. சேர்வைக்காரர் என்பதன் சிதைவு. சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அது படையோடு ஒட்டிய பட்டம். தமிழ்நாட்டில் கம்பெனி வருவதற்கு முன்னால் இப்படி ஒரு தனி ஏணியே இருந்தது. சங்க காலத்தில் அரசன் படைத்தலைவனுக்கு மோதிரம் போட்டு ஏனாதிப் பட்டம் கொடுத்தான். அதே அரசர்கள் வணிகர்களில் சிறந்தவருக்கு எட்டிப் பட்டம் கொடுத்தார்கள் என்பதையும் செட்டிநாட்டில் சொல்லாமல் விட முடியாது. சோழர் கல்வெட்டுகளில் தண்டநாயகர்கள் வருகிறார்கள். நாயக்கர் காலத்தில் தளவாய். திருமலை நாயக்கரின் தளவாய் ராமப்பய்யன்தான் சேதுபதி மேல் படையெடுத்தவர். இவற்றில் ஒன்றைக்கூடக் கம்பெனி தன் ஏணியில் சேர்த்துக்கொள்ளவில்லை. அது எடுத்தது முகலாயப் பெயர்களைத்தான், நாயக் ஒன்றைத் தவிர. மிச்சமெல்லாம் குடும்பப் பெயராகவும் ஊர்ப் பெயராகவும் தங்கிவிட்டன. தளபதி மட்டும் பிழைத்தார், சினிமா போஸ்டரிலும் கட்சிக் கொடிக்குக் கீழேயும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர்த் தெருக்களில் வீட்டு முகப்பை அண்ணாந்து பார்த்தால் இந்த ஏணியின் கடைசிப்படி தெரியும். நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துப்பாக்கி ஏந்திய சுதைச் சிப்பாய்கள். பொத்தான் வைத்த சட்டை, கால்சட்டை, தொப்பி. சாயம் மங்கி, சிலருக்குத் துப்பாக்கி நுனி உடைந்து உள்ளிருக்கும் கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது. நான் பார்த்த வரைக்கும் இந்த முகப்புகளில் ஜெனரல் கிடையாது. காவலுக்கு நிற்பவர்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைத்திருப்பார். ஜெனரலை வைத்தால் வீடு யாருடையது என்ற கேள்வி வந்துவிடும்.

இந்தியர்களுக்கு அரசரின் கமிஷன் திறந்தது முதல் உலகப் போரின் முடிவில்தான். அதுவும் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டில் வருஷத்துக்குப் பத்து இடம். டேராடூன் அகாடமி வந்தது 1932இல். அதுவரை சுபேதார், ஜமேதார்களுக்குக் கிடைத்தது வைசிராயின் கமிஷன். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் ஜூனியர் கமிஷன்ட் அதிகாரிகள் ஆனார்கள். பெயர் மாறியது, இடம் மாறவில்லை. இன்றும் சுபேதார் மேஜருக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும், நேற்றுத் தோளில் இரண்டு நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்த லெப்டினன்ட் அவருக்கு மேல்தான். ஆனால் அந்த லெப்டினன்டுக்கு வேலை கற்றுக்கொடுப்பது சுபேதார் சாகிப்தான் என்பது ராணுவத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பதவி என்பது அதை எழுதிக் கொடுத்தவரின் செல்வாக்கைப் பொறுத்தது என்பது இந்திய தேசிய ராணுவத்தின் கதையில் பளிச்சென்று தெரியும். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரண்டு போய்ச் சேர்ந்த படை அது. பிரிட்டிஷ் படையில் கேப்டனாக இருந்த மோகன் சிங், முதல் தேசிய ராணுவத்தில் ஜெனரல் ஆனார். ஷா நவாஸ் கான் நேதாஜியின் படையில் மேஜர் ஜெனரல். 1945 நவம்பரில் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது பிரிட்டிஷார் அவரைக் கேப்டன் ஷா நவாஸ் கான் என்றே குற்றப்பத்திரிகையில் எழுதினார்கள். உடன் நின்ற சேகல் கேப்டன், தில்லான் லெப்டினன்ட். நடுவில் கிடைத்த பதவி எதையும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதைக் கொடுத்த அரசையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜான்சி ராணிப் படையை நடத்திய சென்னை டாக்டர் லட்சுமி அதற்குமேல் உயர்ந்த பதவி வகித்தபோதும், ஜனங்கள் வாயில் கடைசிவரை கேப்டன் லட்சுமிதான். அரசு கொடுத்ததுமில்லை, எடுத்ததுமில்லை. அந்தக் கமிஷனில் கையெழுத்துப் போட்டது பொதுமக்கள்.

ஆகவே, கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயருக்கு முன்னால் கேப்டன் என்று அச்சாகியிருந்தால் அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அவர் தரைப்படைக் கேப்டனாக இருந்தால், தோளில் மூன்று நட்சத்திரம், வயது பெரும்பாலும் முப்பதுக்குள். கடற்படைக் கேப்டன் என்றால் விஷயமே வேறு. அவர் தரைப்படையின் கர்னலுக்குச் சமம், பல வருஷ சர்வீஸ் இருக்கும். விமானப்படையில் வெறும் கேப்டன் கிடையாது. குரூப் கேப்டன் உண்டு, அவரும் கர்னலுக்குச் சமம். 1919 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானப்படை தனக்கென்று பெயர்கள் வேண்டுமென்று உருவாக்கிய வரிசை அது. விங் கமாண்டர், ஸ்குவாட்ரன் லீடர் எல்லாம் அந்த வரிசையில் இருப்பவர்கள்தான். கல்லூரியில் என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியரும் கேப்டனாக இருக்கலாம். சிப்பாயாகச் சேர்ந்து, முப்பது வருஷம் உழைத்துச் சுபேதாராகி, ஓய்வு பெறும்போது கௌரவக் கேப்டன் ஆன பெரியவராகவும் இருக்கலாம். சரக்குக் கப்பல் ஓட்டுகிறவரும் கேப்டன்தான், விமானம் ஓட்டுகிறவரும் கேப்டன்தான். மொய் எழுதும் இடத்தில் நின்றுகொண்டு, அண்ணே, நீங்க எந்தக் கேப்டன் என்று கேட்டுவிடுவது நல்லது.